ஃபேர்வேயில் பந்து மோசமாகக் கிடந்தால்: எப்போது எடுக்கலாம், எப்போது அப்படியே அடிக்க வேண்டும்

டீ என்கிற தொடக்க இடத்திலிருந்து அடித்த பந்து நேராகப் போய், புல்லைக் குட்டையாக வெட்டிய ஃபேர்வே நடுவில் விழுகிறது, கூட வந்தவர்கள் நல்ல அடி என்கிறார்கள், இருநூறு கஜம் நடந்து போய்ப் பார்த்தால் நமக்கு முன்னால் ஆடியவர் புல்லோடு பெயர்த்துவிட்டுப் போன குழிக்குள் பந்து பாதி மறைந்து கிடக்கிறது. புதிதாக கோல்ஃப் ஆட வருகிற எல்லோருக்கும் முதல் சில மாதங்களுக்குள் இது நடந்துவிடும். அப்போது கை தானாகப் பந்தை நோக்கிப் போகும். அந்தக் கையை நிறுத்தப் பழகுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கோவைப் பக்கம் வார இறுதிகளில் புதியவர்களோடு நிறையச் சுற்று நடந்திருக்கிறேன். அவர்கள் இழக்கிற ஸ்ட்ரோக்குகளில் (கணக்கில் ஏறும் அடிகளில்) பல, அடி சரியில்லாததால் போகவில்லை, பந்தில் அவசரப்பட்டுக் கை வைத்ததால்தான் போயின.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விதிப்புத்தகத்தில் ஃபேர்வேக்கு என்று தனிச் சலுகை கிடையாது. ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ என்ற இரண்டு கோல்ஃப் அமைப்புகளும் சேர்ந்து போடுகிற விதிகளில் மைதானம் ஐந்து பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: டீ, பங்கர் (மணல் குழி), பெனால்டி ஏரியா (குளம், ஓடை போன்றவை), கிரீன் (ஹோல் இருக்கும் வழவழப்பான புல்தரை), இந்த நான்கும் போக மீதி எல்லாம் ஜெனரல் ஏரியா. ஃபேர்வேயும் அதன் ஓரத்தில் புல் உயரமாக இருக்கும் ரஃப்பும் அந்த மீதிக்குள்தான் வருகின்றன. ஆகவே ஃபேர்வேயில் விழுந்துவிட்டது என்பதற்காக நல்ல கிடப்பு கிடைக்க வேண்டும் என்று கேட்க முடியாது. விதி 8 மைதானத்தை இருக்கிறபடியே ஏற்று ஆடச் சொல்கிறது, விதி 9 பந்தைக் கிடக்கிறபடியே அடிக்கச் சொல்கிறது. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் கொடுக்கப்பட்ட விலக்குகள்.

எந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: கிடப்பு எதனால் மோசமாக இருக்கிறது? தண்ணீரா, சேறா, குழியா, கல்லா, குழாயா? பந்துக்கு இரண்டடி தள்ளி நின்று காரணத்தை உங்களோடு ஆடுபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். காரணத்துக்குப் பெயர் சொல்ல முடியாவிட்டால் பந்தைத் தொடாதீர்கள்.

கிளம்பும் முன்: இன்று பிளேசிங் உண்டா?

முதல் டீக்குப் போவதற்கு முன்பே பார்க்க வேண்டிய இடம் நோட்டீஸ் போர்டு. மழைக்காலத்தில் மைதானத்தின் கமிட்டி ஒரு உள்ளூர் விதியைப் போடும், நம் ஊரில் எல்லோரும் பிளேசிங் என்பது அதைத்தான். புத்தகத்தில் அதற்கு 'மாதிரி உள்ளூர் விதி ஈ-3' என்று பெயர். அது போட்டிருந்தால், ஃபேர்வே உயரத்துக்கோ அதற்கும் குட்டையாகவோ வெட்டிய புல்லில் கிடக்கும் பந்தை எடுத்து, துடைத்து, கமிட்டி சொன்ன அளவுக்குள் நல்ல இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம், பெனால்டி இல்லை. அளவு இடத்துக்கு இடம் மாறும். ஆறு அங்குலம் என்பார்கள், ஸ்கோர்கார்டின் நீளம் என்பார்கள், ஒரு கிளப் (அடிக்கும் ஸ்டிக்) நீளம் என்பார்கள். போர்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அன்றைக்குச் செல்லும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஒரு ஐப்பசி மாதம், முந்தின வாரம் முழுக்கப் பிளேசிங் இருந்தது. அடுத்த ஞாயிறு நல்ல வெயில், தரை காய்ந்துவிட்டது, நான் போர்டைப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன். மூன்றாவது ஹோலில் பந்தை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டிருக்கும்போது பை தூக்கி வரும் கேடி அண்ணன் பக்கத்தில் வந்து மெதுவாக, "ஏனுங் சார், இன்னிக்குப் பிளேசிங் இல்லீங்களே, போர்டுல பாக்கலீங்களா?" என்றார். ஒரு ஸ்ட்ரோக் போச்சு. எடுத்த இடத்திலேயே பந்தைத் திருப்பி வைத்து ஆடினேன். வைக்காமல் வேறு இடத்திலிருந்து அடித்திருந்தால் தப்பான இடத்திலிருந்து ஆடியதாக இரண்டு ஸ்ட்ரோக் போயிருக்கும். அன்றிலிருந்து ஷூ மாட்டுவதற்கு முன்னால் போர்டைப் பார்த்துவிடுகிறேன்.

பிளேசிங் இருக்கும் நாளிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. எடுக்கும் முன் இருந்த இடத்தில் ஒரு டீயை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சி, அதற்கும் டீ என்றே பெயர்) குத்திவிடுங்கள், விதி அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் அளவு சரியா என்று யாராவது கேட்டால் காட்ட அது வேண்டும். பந்தை வைக்கும் இடம் பழைய இடத்தைவிட ஹோலுக்கு அருகில் இருக்கக்கூடாது. கையால் வைக்க வேண்டும், ஸ்டிக்கால் உருட்டி நகர்த்துகிற பழக்கம் வேண்டாம். முக்கியமாக, ஒரு முறைதான். வைத்துக் கையை எடுத்துப் பந்து நின்றுவிட்டால் அது ஆட்டத்தில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் நல்ல புல் பக்கத்தில் தெரிகிறதே என்று திரும்ப எடுத்தால் பெனால்டி. வைத்த பந்து நிற்காமல் உருண்டால் அதே இடத்தில் இன்னொரு முறை வைத்துப் பாருங்கள், அப்போதும் நிற்கவில்லை என்றால் ஹோலுக்கு அருகில் போகாமல் அது நிற்கக்கூடிய மிகப் பக்கத்து இடத்தில் வையுங்கள். வைத்து நின்ற பந்து அப்புறம் ஆடிக் காற்றில் ஃபேர்வேக்குள்ளேயே நகர்ந்தால் பெனால்டி இல்லை, நகர்ந்த இடத்திலிருந்து ஆட வேண்டியதுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் மாதத்திலிருந்து இங்கே அடிக்கிற அடிக்கு இது அடிக்கடி நடக்கும்.

ரஃப்பில் ஒரு சாண் தள்ளி விழுந்தாலும் பிளேசிங் பொருந்தாது. கிரீனைச் சுற்றி ஃபேர்வே அளவுக்கு வெட்டிய புல்லுக்குப் பொருந்தும், பலருக்கு இது தெரியாமல் அங்கே சேற்றுப் பந்தை அப்படியே அடிக்கிறார்கள். பெரிய போட்டிகளிலும் இந்த விதியைப் போடுவார்கள். 2016 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் பால்டுஸ்ரால் மைதானம் மழையில் ஊறிப்போனதால் கடைசிச் சுற்றை இப்படித்தான் ஆடினார்கள். ஆகவே எடுத்து வைத்து ஆடுவது குறைவான ஆட்டம் என்று கூச்சப்பட வேண்டியதில்லை. கமிட்டி அனுமதி இல்லாமல் எடுப்பதுதான் தப்பு.

டிவாட் குழி

எல்லோருக்கும் வயிறு எரிவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்னொருவர் அடித்துப் பெயர்த்த குழியில் உங்கள் பந்து கிடந்தால் ரிலீஃப் (பெனால்டி இல்லாமல் பந்தை எடுத்து வேறு இடத்திலிருந்து ஆடும் சலுகை) கிடையாது. கிடக்கிறபடி அடிக்க வேண்டும். குழியை மணல் போட்டு நிரப்பியிருந்தாலும் அதேதான். இதில் நியாயம் இல்லை என்று வருஷக்கணக்காகப் பலர் வாதாடுகிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், எது டிவாட் குழி, எது பாதி ஆறிய குழி, எது வெறும் பள்ளம் என்று ஒவ்வொரு அடிக்கும் யார் நின்று தீர்ப்புச் சொல்வது? ஒரு பகுதி முழுக்கக் குழியாகிப் போயிருந்தால் கமிட்டி அதைக் கோடு போட்டு ரிப்பேர் நடக்கும் இடமாக அறிவிக்கலாம், அப்போது ரிலீஃப் உண்டு. கோடு இல்லையென்றால் இல்லை.

1998 யுஎஸ் ஓபன் கடைசிச் சுற்றில், சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப் மைதானத்தில், முன்னணியில் இருந்த பெய்ன் ஸ்டூவர்ட் டீயிலிருந்து அடித்த பந்து 12ஆம் ஹோலில் ஃபேர்வேயில்தான் விழுந்தது, மணல் நிரப்பிய டிவாட் குழிக்குள். அந்த ஹோலில் ஒரு ஸ்ட்ரோக் இழந்தார், முடிவில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் லீ ஜான்சனிடம் தோற்றார். அடுத்த வருஷம், 1999இல், அதே பட்டத்தை வென்றார். அவருக்கே ரிலீஃப் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நாம் கேட்க முடியாது.

குழியில் செய்யக்கூடாதவற்றைக் கவனமாகப் படியுங்கள். பந்துக்குப் பின்னால் இருக்கும் மணலைக் கையாலோ ஸ்டிக்காலோ தள்ளக்கூடாது. குழியின் விளிம்பைக் காலால் மிதித்துச் சமப்படுத்தக்கூடாது. பெயர்ந்த புல்துண்டை யாராவது குழியில் திரும்ப வைத்திருந்தால் அதை எடுக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது. குழிக்கு வெளியே பிரிந்து கிடக்கும் துண்டை மட்டும் எடுக்கலாம். ஸ்டிக்கைப் பந்துக்குப் பின்னால் லேசாகத் தரையில் வைப்பது தவறில்லை, அழுத்தி வைத்து மண்ணை அமுக்கினால் கிடப்பை மாற்றியதாகும். இதற்கெல்லாம் தண்டனை ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு ஸ்ட்ரோக், மேட்ச் பிளேயில் (ஹோலுக்கு ஹோல் வெற்றி பார்க்கும் ஆட்டம்) அந்த ஹோலே போய்விடும்.

சரி, அடிப்பது எப்படி? பந்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வலது கால் பக்கம் வைத்து நில்லுங்கள் (இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்), கைகள் பந்துக்குச் சற்று முன்னால் இருக்கட்டும், உடம்பின் எடை முன்காலில். மேலிருந்து கீழாகப் பந்தை முதலில் தொட்டு அடிக்க வேண்டும், தூக்கிவிடப் பார்த்தால் ஸ்டிக் விளிம்பில் பட்டுத் தரையோடு ஓடும். பந்து தாழ்வாகப் பறக்கும், விழுந்த பிறகு நிறைய ஓடும், அதனால் கிரீனுக்கு முன்னால் பங்கர் இருந்தால் அதைத் தாண்டி அடிக்க ஆசைப்படாமல் திறந்திருக்கும் பக்கத்துக்கு அடியுங்கள். உட் என்கிற பெரிய தலை ஸ்டிக் வேண்டாம், மெல்லிய இரும்புத் தலை கொண்ட அயர்ன் எடுங்கள். அடித்து முடித்ததும் நீங்கள் பெயர்த்த துண்டைத் திரும்ப வைத்து மிதியுங்கள், அல்லது கேடி பையில் இருக்கும் மணலை நிரப்புங்கள்.

ஈரமும் சேறும்

நம் பக்கத்து மண் இரண்டு விதம். செம்மண்ணில் மழை நின்ற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும், கரிசல் மண்ணில் மறுநாள் வரை நிற்கும், பிசின் மாதிரி பந்தில் ஒட்டும். இந்த வித்தியாசம் விதியில் அப்படியே வந்து நிற்கிறது.

பந்து கிடக்கும் இடத்திலோ நீங்கள் நிற்கும் இடத்திலோ தண்ணீர் தேங்கி இருந்தால் அது தற்காலிகத் தண்ணீர், பெனால்டி இல்லாமல் ரிலீஃப் உண்டு. ஆனால் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாதாரணமாக நின்று பாருங்கள், ஷூவைச் சுற்றித் தண்ணீர் மேலே வந்து அப்படியே நிற்கிறதா? நின்றால் ரிலீஃப். கால் வைக்கும்போது ஒரு கணம் மின்னிவிட்டு உள்ளே போய்விட்டால் ரிலீஃப் இல்லை. ஓங்கி மிதித்து வரவழைத்த தண்ணீரும் கணக்கில் சேராது. தரை சொதசொதவென்று இருப்பது மட்டும் போதாது. மார்கழிக் காலைப் பனித்துளியைத் தண்ணீர் என்று சொல்லாதீர்கள், விதி அதை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது.

அடுத்தது பந்து மண்ணில் புதைவது. உயரமாகப் போன பந்து நேரே இறங்கித் தான் உண்டாக்கிய குழியிலேயே செருகி நிற்கிறது, அதில் ஒரு பகுதியாவது தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்றால் விதி 16.3 உங்களுக்கு ரிலீஃப் தருகிறது. 2019க்கு முன்னால் இது குட்டையாக வெட்டிய புல்லுக்கு மட்டும்தான், ரஃப்புக்கு வேண்டுமென்றால் கமிட்டி தனியாக விதி போட வேண்டும். இப்போது ஜெனரல் ஏரியா முழுக்க உண்டு, ஃபேர்வே உயரத்துக்கு வெட்டாத இடத்து மணலில் புதைந்ததற்கு மட்டும் இல்லை. புதைந்திருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், உங்களோடு ஆடுபவரிடம் சொல்லி, இடத்தை மார்க் பண்ணி, எடுத்துப் பார்க்கலாம், ஆனால் துடைக்காமல். புதையவில்லை என்று தெரிந்தால் அப்படியே திருப்பி வையுங்கள். புதைந்திருந்தால் துடைத்துக்கொண்டு டிராப் செய்யலாம், அதாவது கையிலிருந்து கீழே விடலாம், முறை பின்னால் வருகிறது. குதித்துப் போய் வேறொரு பழைய குழியில் விழுந்த பந்துக்கு இது பொருந்தாது, அதன் சொந்தக் குழியாக இருக்க வேண்டும்.

பந்தில் கரிசல் மண் ஒட்டியிருக்கிறது, வேறு பிரச்சினை ஒன்றுமில்லை. அப்போது? பிளேசிங் இல்லாத நாளில் துடைக்க முடியாது. அப்படியே அடியுங்கள். வலது பக்கம் மண் இருந்தால் பந்து பெரும்பாலும் இடது பக்கம் போகும், இடது பக்கம் இருந்தால் வலது பக்கம். குறியை அதற்கேற்ப மாற்றி, முழு வேகத்தில் அடிக்காமல் நிதானமாக அடித்தால் விலகுவது குறையும்.

எதை எடுத்துப் போடலாம்

மைதானத்தில் ஒட்டாமல் கிடக்கும் இயற்கைப் பொருள் எதையும் பந்துக்குப் பக்கத்திலிருந்து எடுக்கலாம். சருகு, கல், மயிலிறகு, காய்ந்த சாணி, ஆட்டுப்புழுக்கை, விழுந்த தென்னை மட்டை, எறும்புப் புற்றின் மண்மேடு எல்லாம் இதில் அடங்கும். மட்டை பெரிதாக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து இழுக்கலாம். ஆனால் எடுக்கும்போது பந்து அசைந்தால் ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி, பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். பந்தை ஒட்டிக் கிடக்கும் சருகை அதனால்தான் விட்டுவிடச் சொல்கிறேன்.

நுணுக்கம் எங்கே என்றால், இறுகிய மண்கட்டியை எடுக்கலாம், பொடிமண்ணைத் தட்டிவிடக்கூடாது. பொடிமண்ணும் மணலும் டீயிலும் கிரீனிலும் மட்டும்தான் அகற்றத் தக்கவை. உதிர்ந்து கிடக்கும் நெருஞ்சி முள்ளை எடுக்கலாம், தரையோடு படர்ந்து வேர்விட்டிருக்கும் நெருஞ்சிக் கொடியைப் பிடுங்கினால் இரண்டு ஸ்ட்ரோக். பாதி மண்ணுக்குள் இறுகிப் பதிந்த கல்லும் தரையோடு சேர்ந்ததுதான்.

மனிதர் செய்த பொருள் என்றால் இன்னும் எளிது. பாட்டில், பங்கர் மணலைச் சமப்படுத்தும் ரேக், புல்லுக்குத் தண்ணீர் விட இழுத்துப் போட்ட ஹோஸ் பைப் இவற்றை நகர்த்தும்போது பந்து அசைந்தாலும் பெனால்டி இல்லை, திருப்பி வைத்தால் போதும். நகர்த்த முடியாத ஸ்பிரிங்ளர் தலை, தார்ப் பாதை போன்றவை பந்துக்கோ, காலுக்கோ, ஸ்விங்குக்கோ இடைஞ்சலாக இருந்தால் பெனால்டி இல்லாத டிராப். பந்து போகவேண்டிய வழியில் ஸ்பிரிங்ளர் நிற்கிறது என்பதற்கு மட்டும் டிராப் கிடையாது.

எலி, முயல் தோண்டிய வளை என்றால் ரிலீஃப் உண்டு. சித்திரை வெயிலில் கரிசல் தரை பாளம் பாளமாக வெடிக்கிறதே, அந்த வெடிப்புக்குள் பந்து இறங்கினால், கமிட்டி அதை ரிப்பேர் இடமாக அறிவித்திருந்தால் ஒழிய ரிலீஃப் இல்லை. அப்புறம் பாம்பு. பந்துக்குப் பக்கத்தில் நாகமோ விரியனோ தெரிந்தால், அல்லது தேனீக்கள் மொய்த்தால், விதி 16.2 பெனால்டி இல்லாமல் தள்ளி ஆட விடுகிறது. இதில் விதியை யோசித்துக்கொண்டு நிற்காமல் முதலில் பின்னால் வாருங்கள்.

டிராப் செய்வது

ரிலீஃப் உண்டு என்று முடிவானால் பந்தை எடுக்கும் முன் இன்னொரு கணக்கு. தண்ணீர், குழாய், வளை போன்றவற்றுக்கு, இடைஞ்சல் முழுவதும் நீங்கும் மிக அருகிலுள்ள புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும், ஹோலுக்கு அருகில் போகாமல். மிக அருகிலுள்ளது என்றுதான் விதி சொல்கிறது, மிக நல்லது என்று சொல்லவில்லை. அது ரஃப்பில் போய் நிற்கலாம், முள்செடிக்குள்ளும் நிற்கலாம். ஃபேர்வேயும் ரஃப்பும் ஒரே பகுதி என்று மேலே சொன்னது இங்கேதான் உறைக்கும். பந்தை எடுக்காமலே, அடிக்கப்போகும் ஸ்டிக்கைப் பிடித்து நின்று பாருங்கள். போகும் இடம் இருப்பதைவிட மோசம் என்றால் கிடக்கிறபடியே அடித்துவிடலாம், ரிலீஃப் எடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

புள்ளி கிடைத்ததும் ஒரு டீ குத்துங்கள். அங்கிருந்து ஒரு கிளப் நீளம் அளக்க வேண்டும், கிரீனில் பந்தை உருட்ட எடுக்கும் பட்டரைத் தவிர உங்கள் பையில் உள்ள மிக நீளமான ஸ்டிக், பெரும்பாலும் டிரைவர் என்கிற ஸ்டிக். அங்கே இன்னொரு டீ. இந்த எல்லைக்குள் முழங்கால் உயரத்திலிருந்து பந்தைச் செங்குத்தாக விட வேண்டும். நின்ற நிலையில் உங்கள் முழங்கால் எவ்வளவு உயரமோ அவ்வளவு. 2019க்கு முன்னால் தோள் உயரம், பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இன்னும் பழக்கத்தில் கையை நீட்டிவிடுவார்கள், அடிக்கும் முன் கவனித்தால் பெனால்டி இல்லாமல் திரும்பச் செய்துகொள்ளலாம். எல்லைக்குள் விழுந்து எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். வெளியே உருண்டால் இன்னொரு முறை விடுங்கள், அதுவும் வெளியே போனால் இரண்டாவது முறை பந்து தரையைத் தொட்ட இடத்தில் கையால் வையுங்கள். புதைந்த பந்துக்கு மட்டும் அளவு வேறு இடத்திலிருந்து தொடங்கும், பந்துக்கு நேர் பின்னால் உள்ள இடத்திலிருந்து ஒரு கிளப் நீளம்.

எந்த விலக்கும் பொருந்தவில்லை, அடிக்கவும் முடியாது என்றால் விதி 19 இருக்கிறது. ஒரு ஸ்ட்ரோக் கொடுத்துவிட்டுப் பந்து ஆட முடியாதது என்று நீங்களே அறிவிக்கலாம். பந்திலிருந்து ஹோலுக்கு அருகில் போகாமல் இரண்டு கிளப் நீளத்துக்குள் டிராப் செய்யலாம், ஹோலும் பந்தும் சேரும் நேர்கோட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் போய் டிராப் செய்யலாம், அல்லது முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போகலாம். நெருஞ்சிப் படர்வுக்கு நடுவிலோ வெடிப்புக்குள்ளோ சிக்கிய பந்தை நான்கு முறை வெட்டி எடுப்பதைவிட இது மலிவு.

கூட வருபவர் ரிலீஃப் உண்டு என்கிறார், நீங்கள் இல்லை என்கிறீர்கள், கேட்க அங்கே யாரும் இல்லை. ஸ்ட்ரோக் பிளேயாக இருந்தால் இரண்டு பந்து ஆடலாம். அடிக்கும் முன்பே உங்கள் எண்ணிக்கையைக் குறிக்கும் மார்க்கரிடம் இரண்டு பந்து ஆடப்போகிறேன், விதி அனுமதித்தால் இந்தப் பந்தை எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒன்றைக் கிடக்கிறபடியும் மற்றொன்றை டிராப் செய்தும் ஹோலை முடியுங்கள். ஸ்கோர்கார்டைக் கொடுக்கும் முன் கமிட்டியிடம் சொல்ல வேண்டும். இரண்டு பந்திலும் ஒரே எண்ணிக்கை வந்தாலும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்.